எல்ல ஒருநாள் பயணம் பிறந்த கதை

இலங்கையின் தென்கரையில் மிரிஸ்ஸ, வெலிகம, தங்காலை போன்ற கடலோர ஊர்களின் ஹோட்டல் வாசல்களில், விடிவதற்கு முன்பே வான்கள் வந்து நிற்கும். வண்டி ஓட்டுபவரே வழிகாட்டியாகவும் இருப்பார். வெல்லவாய வரை சமவெளி. அதற்குப் பிறகு ஏற்றமும் வளைவும்தான். ராவணா நீர்வீழ்ச்சியில் ஒரு நிறுத்தம், எல்லவில் ஒன்பது வளைவுப் பாலம், சின்ன சிவனொளிபாதமலை, ஒரு தேயிலைத் தொழிற்சாலை, நேரம் இருந்தால் தெமோதரை வரை கோச்சிப் (ரயில்) பயணம். இருட்டுவதற்குள் மலை இறங்கி மறுபடி கடலோரம் போய்ச் சேரவேண்டும். இதே பயணம் எதிர்த்திசையிலும் நடக்கிறது. எல்லவில் தங்கியிருப்பவர்கள் வெல்லவாய, மொனராகலை, பொத்துவில் வழியாகக் கிழக்கே இறங்கி அறுகம்பைக் கடலில் குளித்துவிட்டு வருகிறார்கள்.

கடற்கரையே இல்லாத ஊவா மாகாணத்தின் ஒரு சின்ன மலைக்கிராமமான எல்ல எப்படி இலங்கையின் பெயர்பெற்ற ஒருநாள் பயணமாக மாறியது? இதைத் திட்டமிட்டு உருவாக்கிய சுற்றுலா நிறுவனம் எதுவும் கிடையாது. வான் நிற்கிற இடங்களில் பாதிக்கு மேல் காப்பிக்கும் தேயிலைக்கும் வேண்டி வெட்டப்பட்டவை, கட்டப்பட்டவை. அந்த வேலையில் பெரும்பங்கு, தமிழகத்திலிருந்து வந்த நம் சனங்களுடையது. இந்தப் பயணம் பிறந்த கதையை அவர்களை விட்டுவிட்டுச் சொல்ல முடியாது.

கதை காப்பியில் தொடங்குகிறது. 19ஆம் நூற்றாண்டின் நடுவில் பதுளை, அப்புத்தளை மலைகளில் காடழித்துக் காப்பி போட்டார்கள். விளைந்த மூட்டைகளைக் கொழும்புத் துறைமுகத்துக்குக் கொண்டுபோக மாட்டு வண்டியை விட்டால் வழியில்லை. 1867இல் கண்டிக்கு ரயில் வந்தது. 1869இல் காப்பி இலையில் துரு நோய் கண்டது. மெல்ல மெல்லக் காப்பி அழிந்து, அதே மலைகளில் தேயிலை ஏறியது. தேயிலைக்குப் பாதை இன்னும் அவசரமாகத் தேவைப்பட்டது. தொழிற்சாலைக்கு இயந்திரங்கள் மேலே வரவேண்டும், பெட்டிகள் கீழே போகவேண்டும், தொழிலாளர் குடியிருக்கும் லயத்துக்கு அரிசி வரவேண்டும். தோட்டத் துரைமார் ஆண்டுக்கணக்காக அரசாங்கத்தை நெருக்கினார்கள்.

ரயில் பாதை மலைமீது மெதுவாக நகர்ந்தது. 1884இல் ஹட்டன், 1885இல் நானுஓயா. அதன்பின் பட்டிப்பொலையைத் தாண்டி 1,898 மீட்டர் உயரத்தில் மலையின் உச்சியைக் கடந்து ஊவாவுக்குள் நுழைந்தது. 1893இல் அப்புத்தளை, 1894இல் பண்டாரவளை. அங்கே நின்றுவிட்டது. பதுளை நகரம் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும், அங்கே கோச்சி வர இன்னும் முப்பது ஆண்டுகள் ஆயின. ஹென்றி கேவ் 1910இல் இலங்கை ரயில்வே பற்றி எழுதிய படங்கள் நிறைந்த வழிகாட்டி நூல் வெளிவந்தபோதும் எல்லவுக்குத் தண்டவாளம் கிடையாது. மலைநாட்டுப் பாதை அப்போது பண்டாரவளையோடு முடிந்தது.

இந்த இடைவெளிக்கு நிலத்தின் அமைப்பும் ஒரு காரணம். பண்டாரவளையிலிருந்து பதுளைக்குப் பாதை ஐந்நூறு மீட்டருக்கும் மேல் இறங்கவேண்டும். அகலப் பாதையில் ஓடும் பாரமான வண்டிக்குச் செங்குத்தான இறக்கம் ஆகாது. 44 அடி ஓடினால் 1 அடிதான் இறங்கலாம் என்பது மலைநாட்டுப் பாதையின் வரம்பு. பள்ளத்தாக்கு குறுக்கிட்ட இடத்தில் பாலம், மலை குறுக்கிட்ட இடத்தில் சுரங்கம். இவை மட்டும் போதாத ஓர் இடம் தெமோதரையில் வந்தது. அங்கே நிலையத்துக்கும் அடுத்துப் போகவேண்டிய மட்டத்துக்கும் இடையே உயர வேறுபாடு அதிகம், இறங்குவதற்கு இடம் கொஞ்சம்.

அங்கே செய்ததை இன்றும் நின்று பார்க்கலாம். தெமோதரை நிலையத்தை விட்டு வண்டி புறப்படுகிறது. மலையின் விலாவைச் சுற்றிக்கொண்டு, வரம்பு மீறாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்குகிறது. ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் சுற்றி, தான் புறப்பட்ட அதே நிலையத்தின் அடியில் குடைந்த சுரங்கத்துக்குள் நுழைந்து வெளியேறுகிறது. மேடையில் நின்று வழியனுப்பியவர், சில நிமிடங்களில் அதே வண்டி தன் காலுக்குக் கீழே போகும் ஓசையைக் கேட்கலாம். இதற்கு ஒரு கதை வழங்குகிறது. வழி தெரியாமல் பொறியியலாளர்கள் திகைத்து நின்றபோது, ஒரு கங்காணி தன் தலைப்பாகையை அவிழ்த்து மறுபடி சுற்றிக் கட்டினாராம். துணி தன்மேலேயே ஏறிச் சுற்றிவருவதைப் பார்த்துத்தான் இந்த வளைவு யோசனை பிறந்ததாம். இதற்கு ஆவணச் சான்று தேட வேண்டியதில்லை. கோடு போட்டவர்களின் பெயர் ஏட்டில் ஏறியது, மண் வெட்டியவர்களின் பெயர் ஏறவில்லை. பெயர் ஏறாத சனங்கள் தங்கள் பங்கை இப்படி ஒரு கதைக்குள் வைத்துக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில் இருப்பதுதான் ஒன்பது வளைவுப் பாலம். 91 மீட்டர் நீளம், 24 மீட்டர் உயரம். வளைந்து செல்லும் பாதையைத் தாங்கும் ஒன்பது வில்கள். முதல் உலகப் போரில் இரும்பு கிடைக்காததால் கல்லும் செங்கல்லும் சீமெந்தும் கொண்டு கட்டினார்கள் என்றும், அப்புஹாமி என்ற உள்ளூர்க்காரர் வேலையை முன்னின்று முடித்தார் என்றும் ஊரில் சொல்வார்கள். இந்தப் பாலங்களையும் சுரங்கங்களையும் கடந்து 1924இல் கோச்சி பதுளையை அடைந்தது. கொழும்பிலிருந்து சுமார் 290 கிலோமீட்டர். பாதை அதோடு முடிகிறது.

அந்தக் காலத்திலேயே எல்லவுக்கு வேடிக்கை பார்க்க வந்தவர்கள் உண்டு. ஆனால் அவர்கள் துரைமாரும் அதிகாரிகளும்தான். எல்லக் கணவாயின் விளிம்பில் அவர்களுக்கென்று ஒரு வாடிவீடு (ஓய்வு விடுதி) இருந்தது. அதன் முற்றத்தில் நின்றால் இரண்டு மலைகளுக்கு நடுவே நிலம் திடீரென்று விழுந்து தெற்குச் சமவெளி விரியும். வானம் தெளிந்த இரவில், தென்கிழக்குக் கடலில் பாறைமேல் நிற்கும் கிரேட் பாசஸ் கலங்கரை விளக்கின் வெளிச்சம் இங்கிருந்து தெரியும் என்பார்கள். 1873இல் ஏற்றப்பட்ட விளக்கு அது. அந்தப் பாறைத் தொடரைச் சிங்களத்தில் மஹ ராவண கொட்டுவ என்கிறார்கள், ராவணன் கோட்டை என்று. எல்லவின் குகைக்கும் நீர்வீழ்ச்சிக்கும் ராவணன் பெயர், தூரத்துக் கடலில் இருக்கும் பாறைக்கும் அவன் பெயர். அப்புத்தளைப் பக்கம், 1890இல் இலங்கைக்கு வந்து தம்பேதன்ன முதலிய தோட்டங்களை வாங்கிய தாமஸ் லிப்டன், மலையுச்சியில் உட்கார்ந்து தன் தேயிலைக் காடுகளைப் பார்த்த இடம் இன்று லிப்டன் இருக்கை. அங்கிருந்தும் நல்ல நாளில் தென்கடற்கரை தெரியும். மலையையும் கடலையும் ஒரே நாளில் இணைக்கும் ஆசைக்கு இந்த இரண்டு இடங்களும் ஊற்றாக இருந்திருக்கலாம்.

அதே மலையில் கொழுந்து எடுத்தவர்களுக்குப் பயணம் என்றால் வேறு. காலையில் பெயர் கூப்பிடும் பிரட்டுக்களம், பகல் முழுதும் மலை, சாயங்காலம் மடுவத்தில் கொழுந்து நிறுவை. அவர்கள் போன பயணம் கதிர்காமத்துக்கு. ஊவாவின் காட்டுப்புறத்திலேயே இருக்கும் அந்த முருகனை ஆடிவேல் நாட்களில் காணக் கூட்டம் கூட்டமாக மலை இறங்கினார்கள். லயத்து வீடுகள் சேர்ந்து பணம் போட்டு பஸ் பிடித்து, சமையல் பாத்திரத்தோடு கிளம்பும் பழக்கம் இன்றும் உண்டு. கதிர்காமத்தைக் கும்பிட்டுவிட்டுக் கடலில் கால் நனைப்பதும், பசறை, பிபிலை வழியாகக் கிழக்கே இறங்கிப் பாசிக்குடாவில் பிள்ளைகளைக் குளிக்க விடுவதும் அவர்களுடைய ஒருநாள் சுகம். வெளிநாட்டவர் காசு கொடுத்துச் செய்யும் பயணத்தைத் தோட்டத்து மக்கள் தங்களுக்குத் தாங்களே வழிகாட்டிக்கொண்டு எப்போதோ செய்துவிட்டார்கள்.

அவர்களுக்கு விருப்பமில்லாமல் வாய்த்த ஒரு பயணமும் இதே தண்டவாளத்தில் நடந்தது. 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர் ஆக்கியது. 1964இல் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம், 5,25,000 பேரை இந்தியா ஏற்கும், 3,00,000 பேரை இலங்கை ஏற்கும் என்று பங்கு பிரித்தது. பதுளையிலும் பண்டாரவளையிலும் தகரப் பெட்டியோடு ஏறியவர்களை மேடையில் நின்றவர்கள் அழுது அனுப்பினார்கள். தலைமன்னார் போய்க் கப்பலேறிய அந்த வண்டிக்கு மலையகம் வைத்த பெயர் ஒப்பாரிக் கோச்சி. இன்று பயணிகள் சன்னலோர இருக்கைக்கு முண்டியடிக்கிற அதே பாதையில்தான் அது ஓடியது.

1966இல் இலங்கை உல்லாசப் பயணச் சபை அமைந்தது. கடற்கரை ஊர்களில் ஹோட்டல்கள் எழுந்தன. முதுகுப்பையோடு வந்த இளைஞர்கள் சிலர் கோச்சி ஏறி எல்ல வரை வந்து, வீடுகளில் அறை எடுத்துத் தங்கினார்கள். 1983 ஜூலையில் பதுளை நகரில் தமிழர் கடைகள் எரிந்தன. பிறகு நீண்ட போர். 2009இல் போர் முடிந்த பின்தான் எல்லவின் முகம் மாறியது. கைத்தொலைபேசிப் படங்கள் உலகெங்கும் பரவின. நீல வண்டியும் பச்சை மலையும் ஒன்பது வில்களும் ஒரே படத்தில் அடங்கின. படத்தைப் பார்த்தவர்கள் நேரில் பார்க்க வந்தார்கள். நாள் குறைவாக உள்ளவர்களுக்காக, கடற்கரை ஹோட்டலிலிருந்து ஒரே நாளில் போய்வரும் தனி வான் பயணம் முறையான தொழிலாயிற்று. 2008இல் தொடங்கிய ராமாயணச் சுற்று, இந்திய யாத்திரிகர்களையும் ராவணா குகைக்கும் வெலிமடைப் பக்கத்துத் திவுரும்பொலைக்கும் கொண்டுவந்தது.

பயணத்தின் பிறப்பு இதுதான். அதன் வளர்ப்பில் ஒரு குறை இருக்கிறது. வழிகாட்டி பாலத்தின் நீளத்தைச் சொல்கிறார், எதிரே தெரியும் லயத்தில் யார் இருக்கிறார்கள் என்று சொல்வதில்லை. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. தியலும நீர்வீழ்ச்சியைப் பார்க்கப் போகும் வான்கள் அந்தப் பக்கமாகத்தான் போகின்றன. நாட்சம்பளம் 1,000 ரூபாய் வேண்டும் என்று தோட்டத் தொழிலாளர் பல ஆண்டுகள் கேட்டு, 2021இல்தான் அது கிடைத்தது. இவையெல்லாம் பயணியின் மகிழ்ச்சியைக் கெடுக்கும் செய்திகள் என்று ஒளிக்கத் தேவையில்லை. தான் பார்க்கும் பச்சை எப்படி உண்டானது என்று தெரிந்துகொண்டவர் அந்த மலையை இன்னும் கூர்ந்து பார்ப்பார்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். 2025 செப்டம்பர் 4 இரவு, தங்காலையிலிருந்து எல்லவுக்கு வந்து திரும்பிய நகரசபை ஊழியர்களின் பஸ் வெல்லவாய வீதியில் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். அதே ஆண்டு நவம்பர் இறுதியில் டிட்வா புயல் பதுளை மாவட்டத்தைச் சின்னாபின்னமாக்கியது. மலைநாட்டு ரயில் பாதை பல இடங்களில் அறுந்தது. இந்த மலை விளையாட்டுக் களம் இல்லை. அதன் மழையையும் மண்ணையும் வளைவையும் அறிந்தவர் கூட இருக்கவேண்டும்.

அப்படி அறிந்தவர்கள் தோட்டங்களிலேயே இருக்கிறார்கள். தமிழும் சிங்களமும் பேசி, ஆங்கிலமும் கற்ற இளைஞர்கள் பதுளை, பசறை, தெமோதரை, பூனாகலைத் தோட்டங்களில் வேலை தேடிக்கொண்டிருக்கிறார்கள். இலங்கைச் சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை தேசிய வழிகாட்டி, சாரதி வழிகாட்டி, பிரதேச வழிகாட்டி, தல வழிகாட்டி என்று உரிமம் வழங்குகிறது. அந்தப் பயிற்சியும் உரிமமும் தோட்டத்துப் பிள்ளைகளைத் தேடிப் போகவேண்டும். பாட்டன் வெட்டிய பாதையைப் பேரன் காட்டிச் சொல்லும்போதுதான் இந்தப் பயணத்தின் கதை முழுமையாகும்.

தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ கனடாவிலிருந்தோ எல்ல போகிற வாசகரே, உங்களிடம் ஒரு கோரிக்கை. போவதற்கு முன், பதுளைக்குப் பக்கத்து ஊவாகட்டவளைத் தோட்டத்தில் பிறந்த தெளிவத்தை ஜோசப்பின் கதைகளில் சிலவற்றைப் படியுங்கள். உரிமம் உள்ள வழிகாட்டியைக் கேளுங்கள், தோட்டத்துக்காரர் கிடைத்தால் அவரையே அமர்த்துங்கள். இரவில் மலை இறங்காதீர்கள், கோச்சியின் வாசலில் தொங்காதீர்கள். கொழுந்து எடுக்கும் அம்மாவைப் படம் பிடிக்கும் முன் அனுமதி கேளுங்கள். மற்ற நாட்டவருக்கு இல்லாத ஒரு வசதி உங்களுக்கு உண்டு, அவருடைய மொழி உங்கள் மொழி. இரண்டு வார்த்தை பேசிவிட்டு வாருங்கள்.