பாதாளச் சாக்கடைக்கும் கீழே

வீட்டின் தரைக்குக் கீழே நிலவறை ஒன்றை அமைத்து, அதில் ஒரு கழிப்பறையும் கட்ட விரும்புகிறார் ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். தெருவில் செல்லும் பாதாளச் சாக்கடையோ அந்த நிலவறையின் தரையைவிட உயரத்தில் இருக்கிறது. கழிவு எவ்வாறு வெளியேறும்? எளிதாகத் தோன்றும் இக்கேள்வி ஒரு காலத்தில் இலண்டன் மாநகரத்தையே திணற அடித்தது. அந்த வரலாற்றையே மாணவர்களாகிய உங்களுக்கு இன்று சொல்ல விரும்புகிறேன்.

வெள்ளம் பள்ளத்தை நாடும் என்பது நாம் அறிந்த உண்மை. வகுப்பில் நான் இரண்டு கண்ணாடிக் குழாய்களை ஒரு ரப்பர்க் குழலால் இணைத்து நீர் ஊற்றிக் காட்டுவதுண்டு. ஒன்றில் நீர் எந்த மட்டத்தில் நிற்கிறதோ, மற்றதிலும் அதே மட்டத்தில் நிற்கும். சாக்கடையும் இந்த விதிக்குக் கட்டுப்பட்டதே. சாக்கடையில் நீர்மட்டம் உயருமானால், அதனோடு இணைந்த தாழ்வான அறையிலும் அது உயரும். மேட்டில் வாழ்வோரின் கழிவு, பள்ளத்தில் வாழ்வோரின் வீட்டுக்குள் வந்து நிற்கும்.

இலண்டனில் நேர்ந்தது இதுவே. முன்னாளில் அந்நகரத்து வீடுகளில் மலக்குழிகள் இருந்தன. 1848ஆம் ஆண்டை ஒட்டி அவற்றை மூடிவிட்டு, கழிவு முழுவதையும் சாக்கடைகளில் விடும்படி அதிகாரிகள் வற்புறுத்தினர். ஏறத்தாழ ஆறு ஆண்டுகளில் 30,000 மலக்குழிகள் ஒழிந்தன. வீடுகள் தூய்மையடைந்தன, ஆனால் தேம்ஸ் நதி சாக்கடையாயிற்று. தாழ்ந்த பகுதிகளின் நிலை இன்னும் கொடியது. அங்கே பல இடங்களில் நிலமட்டமே நதியின் ஏற்ற நீர்மட்டத்துக்குக் கீழே இருந்தது. நாளுக்கு இருமுறை கடலின் ஏற்றம் நதிக்குள் புகும்போது, சாக்கடை வாய்கள் அடைபட்டன. கழிவு உள்ளேயே தேங்கிற்று; பெருமழை பெய்தால் நிலவறைகளில் பொங்கி எழுந்தது.

நதியின் நீரையே மக்கள் பலர் பருகினர். 1848-49இல் பரவிய காலராவில் இலண்டனில் மட்டும் 14,000க்கு மேற்பட்டோர் மாண்டனர். 1858ஆம் ஆண்டுக் கோடையில் நதியின் நாற்றம் பாராளுமன்றத்துக்குள்ளும் புகுந்தது. திரைச்சீலைகளைச் சுண்ணாம்புக் குளோரைடில் தோய்த்துத் தொங்கவிட்டும் பயனில்லை. ஏழையின் நிலவறையில் பொங்கியபோது பல்லாண்டு தாமதித்த காரியத்துக்கு, சட்டமன்றத்தின் சன்னலில் நாற்றம் எட்டியதும் சில வாரங்களில் சட்டம் பிறந்தது. வரலாறு பயிலும் மாணவர்கள் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

ஜோசப் பேசல்ஜெட் என்னும் எஞ்சினியர் அப்பணியை ஏற்றார். நதிக்கு இணையாகப் பெருஞ்சாக்கடைகளை அமைத்து, கழிவை நகருக்குக் கிழக்கே கொண்டுசெல்வது அவர் திட்டம். மேட்டுப் பகுதியின் கழிவு தன் சரிவிலேயே ஓடிற்று. பள்ளப் பகுதியின் கழிவு எவ்வளவு தூரம் ஓடினாலும் தாழ்ந்தே கிடந்தது. அதனைத் தூக்கியே ஆக வேண்டும்! ஆகவே நதியின் தென்கரையில் கிராஸ்நெஸ் என்னுமிடத்தில், நான்கு பெரும் நீராவி எந்திரங்கள் கொண்ட இறைப்பு நிலையம் 1865இல் திறக்கப்பட்டது. வடகரையில் ஏபி மில்ஸ் நிலையம் 1868இல் இயங்கத் தொடங்கி, கழிவை 36 அடி உயரத்துக்கு ஏற்றியது.

இடையே 1866இல் காலரா மீண்டும் வந்தது. அது மிகக் கடுமையாகத் தாக்கியது கிழக்கு இலண்டனையே. அங்கே 5,500க்கு மேற்பட்டோர் இறந்தனர். வடிகட்டாத குடிநீர் வழங்கப்பட்டதே அதற்கு நேரான காரணம். எனினும் ஏபி மில்ஸ் எந்திரங்களுக்காகக் காத்திருந்த பகுதியும் அதுவே என்பதை மறக்கலாகாது. அதற்குப் பின் இலண்டனில் அத்தகைய காலராக் கொள்ளை நிகழவில்லை.

மாநகரத்துக்குப் பேரெந்திரம் சரி. ஒரு கட்டடத்துக்கு என்ன செய்வது? வேல்ஸ் நாட்டு ரெக்ஸம் நகரைச் சேர்ந்த ஐசக் ஷோன் அதற்கு வழி கண்டார். அவர் 1878இல் காப்புரிமை பெற்ற கருவி ஓர் இரும்புக் கலம். கழிவு தன் எடையாலேயே அதற்குள் இறங்கும். கலம் நிறைந்ததும் ஓர் அடைப்பு தானே திறக்க, அழுத்திய காற்று உள்ளே பாய்ந்து கழிவை மேலேயுள்ள சாக்கடைக்குத் தள்ளிவிடும். தள்ளியது திரும்பி வாராதபடி ஒருவழிக் கதவு தடுக்கும். முன்பு நாற்றத்தால் தவித்த அதே பாராளுமன்றக் கட்டடத்தில், 1880ஆம் ஆண்டுகளின் பிற்பகுதியில் இக்கருவிகள் பொருத்தப்பட்டு, ஒரு நூற்றாண்டுக்கு மேலாக உழைத்தன. தமிழர் பலர் பிழைப்புத் தேடிச் சென்ற இரங்கூன் நகரமும் சமதரையாதலால், 1890ஐ ஒட்டி இம்முறையையே மேற்கொண்டது.

இன்று நிலவறையில் கழிப்பறை கட்டுவோர் செய்வதும் இதன் சிற்றுருவமே. மூடிய தொட்டியில் கழிவு சேரும். மிதவை உயர்ந்ததும் மின்சாரப் பம்பு ஓடும். மேலேற்றும் குழாயில் ஒருவழிக் கதவும், தொட்டியின் வாயு வெளியேறக் கூரைக்கு மேல் செல்லும் குழாயும் வேண்டும். மேல்மாடிக் கழிவை இத்தொட்டியில் விடலாகாது. அது தன் சரிவிலேயே தெருச் சாக்கடையை அடைய வேண்டும். இல்லையேல், மின்சாரம் நின்ற நாளில் மாடியில் ஊற்றும் நீர் நிலவறையில் நிறையும். மலத்தொட்டியின் நச்சுவாயு நொடியில் உயிர் போக்கும். ஆதலால் எக்காரணத்தாலும் மனிதரை அதற்குள் இறக்குதல் தகாது.

எந்திரம் மாறியது, நீரின் விதி மாறவில்லை. சும்மா விட்டுவிட்டால் ஊரின் அழுக்கு முழுவதும் தாழ்ந்த இடத்தில் வாழ்பவனிடமே சென்று சேரும். அதைத் தூக்கிவிடுவதற்கு அறிவும் பொருளும் உழைப்பும் வேண்டும். நாளை எஞ்சினியர்களாகவும் நகரசபை உறுப்பினர்களாகவும் விளங்கப்போகும் இளைஞர்களே, ஒரு வரைபடம் உங்கள் மேசைக்கு வரும்போது முதலில் மிகத் தாழ்ந்த வீடு எது என்று தேடுங்கள். அவ்வீட்டின் தரை உலர்ந்திருக்குமானால், ஊர் முழுவதும் நலமாயிருக்கும்.