தானாக மறுதொடக்கமாகும் மினி கணினி

ஓடிக்கொண்டிருக்கும் சிறிய மேசைக் கணினி, யாரும் சொல்லாமலே அணைந்து மறுபடி எழுவதைத் தன்னியல்பு மறுதொடக்கம் என்பர். இது ஓர் அறிகுறி. மூலம் மென்பொருளிலும் இருக்கலாம், மின்சாரத்திலும் இருக்கலாம். ஆப்பிள் 2005-இல் கொண்டுவந்த மேக் மினி, இன்டெல் தொடங்கிய நக், டெல், எச்பி, லெனோவோ நிறுவனங்கள் அலுவலகங்களுக்கு விற்கும் ஏறத்தாழ ஒரு லிட்டர் கொள்ளளவுள்ள பெட்டிகள் ஆகியவை இந்த வகையில் அடங்கும். மேசைக் கணினி என்று பெயர் இருந்தாலும் இவற்றில் பலவற்றின் உள்ளே இருப்பது மடிக்கணினியின் ரேம், மடிக்கணினியின் அடாப்டர், உள்ளங்கை அளவு மின்விசிறி. அதனால் பெரிய டவர் கணினியில் பழகிய கை இங்கே தடுமாறும்.

திருப்புளியை எடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியது, கணினியை அணைத்தது யார் என்பதே. இயங்குதளமே அணைத்திருந்தால் தடயம் விட்டுப் போயிருக்கும். விண்டோஸ் தாங்க முடியாத பிழையைச் சந்தித்தால் நீலத்திரை காட்டி, மினிடம்ப் கோப்புறையில் ஒரு சிறு கோப்பை எழுதிவிட்டு மறுதொடக்கம் செய்கிறது. திரை சில நொடிகளில் மறைந்துவிடுவதால் பார்ப்பவருக்கு ‘சட்டென்று ரீஸ்டார்ட் ஆகிவிட்டது’ என்றுதான் படும். சிஸ்டம் பிராப்பர்ட்டீஸில் தானாக மறுதொடங்கும் தெரிவை நீக்கிவிட்டால் திரை அப்படியே நிற்கும். பிழைக்குறியீட்டைக் கைபேசியில் படம் எடுத்துக்கொள்ளலாம். 2025-இல் வந்த விண்டோஸ் 11 புதுப்பிப்பு இந்தத் திரையைக் கறுப்பாக்கியிருக்கிறது. நிறம்தான் மாறியது, வேலை அதேதான்.

விண்டோஸின் பதிவுகளைக் காட்டும் ஈவன்ட் வியூவரில் ‘கெர்னல்-பவர் 41’ என்ற பதிவைக் கண்டதும் பவர் சப்ளை போய்விட்டது என்று தீர்ப்பு எழுதுவது பரவலான தவறு. சென்ற முறை கணினி ஒழுங்காக மூடப்படவில்லை என்பதற்கு மேல் அந்தப் பதிவுக்கு ஒன்றும் தெரியாது. அது எழுதப்படுவதே கணினி திரும்ப எழுந்த பிறகு. அதன் விவரத்தில் இருக்கும் பக்செக் எண்ணை, அதாவது பிழைக்குறியீட்டை, பார்க்க வேண்டும். அது பூஜ்யமாக இருந்தால் பெரும்பாலும் விண்டோஸுக்கு மூச்சுவிடக்கூட நேரம் கிடைக்கவில்லை என்று பொருள்: மின்சாரம், வெப்பம், மதர்போர்டு. வேறு எண் இருந்தால் டிரைவர், ரேம், சேமிப்பகம் பக்கம் திரும்பலாம். 2024 ஜூலை 19 அன்று கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் பழுதான புதுப்பிப்பு ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கியபோது, பல கணினிகள் எழுவதும் விழுவதுமாகவே இருந்தன. சேஃப் மோடில் நுழைந்து ஒரே ஒரு கோப்பை அழித்ததும் சரியாகின. அன்று பெட்டியைத் திறந்தவருக்குத் தூசிதான் கிடைத்திருக்கும்.

ரேமைச் சோதிக்க மெம்டெஸ்ட்86+ நிரலைப் பென் டிரைவில் ஏற்றி, இரவு முழுவதும் ஓடவிடுவது வழக்கம். ஒரு பிழை வந்தாலும் பழுதுதான். இரண்டு ரேம் இருந்தால் ஒன்றைக் கழற்றிவிட்டு மற்றதை மட்டும் சோதிக்கலாம். ரேமின் தங்க முனைகளைப் பள்ளிக்கூட ரப்பரால் தேய்ப்பது நம் ஊர்க் கடைகளில் கைவந்த வைத்தியம். பல நேரம் பலிக்கவும் செய்கிறது. ஆனால் அந்தத் தங்கப் பூச்சு மிக மெல்லியது. ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தொட்ட துணியே மேல்.

அதிகம் ஏமாற்றுவது அடாப்டர். 65 வாட் அடாப்டர் 19.5 வோல்ட்டில் ஏறத்தாழ 3.3 ஆம்பியர் தரவேண்டும். மல்டிமீட்டர் முனைகளை வெறும் பின்னில் வைத்தால் திரையில் 19.5 என்று அழகாகக் காட்டும். ‘அடாப்டர் ஓகே’ என்று சொல்லிவிடுவார்கள். சுமை இல்லாதபோது வயதான அடாப்டரும் நல்ல பிள்ளைதான். கணினியில் செருகி, வீடியோ அழைப்பு ஒன்றைத் தொடங்கிப் பார்க்க வேண்டும்: ப்ராசஸர் ஒரே தாவலாக மின்சாரம் இழுக்கும் அந்த நொடியில் வோல்ட்டேஜ் சரிந்து, திரை கறுத்து, நிறுவனச் சின்னம் மறுபடி தோன்றும். மின்னஞ்சல் பார்க்கும்போது சும்மா இருந்து, வேலை கூடும்போது மட்டும் விழும் கணினிக்கு, அதே வோல்ட்டேஜும் அதே அல்லது கூடுதல் வாட்டும் உள்ள வேறொரு அடாப்டரை மாற்றிப் பார்ப்பதே மலிவான சோதனை. சில நிறுவனங்களின் பின்னில் நடுவே மெல்லிய ஊசி இருக்கும். அதன் வழியே கணினி அடாப்டரை அடையாளம் காண்கிறது. ஊசி வளைந்தால் அடையாளம் தெரியாமல் ப்ராசஸர் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும்.

பவர் சப்ளை (எஸ்எம்பிஎஸ்) உள்ளேயே இருக்கும் சற்றுப் பெரிய பெட்டிகளில் நிலைமை வேறு. பவர் சப்ளைகளுக்கான ஏடிஎக்ஸ் வழிகாட்டி நெடுங்காலம் கேட்டுவந்தது, மெயின்ஸ் நின்ற பிறகும் ஏறத்தாழ 16 மில்லிநொடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தின் ஒரு சுழற்சி 20 மில்லிநொடி. அதாவது விளக்கு கண் சிமிட்டுவதற்குள் எஸ்எம்பிஎஸ் கைவிரித்துவிடலாம். ‘மின்சாரம் நலம்’ என்ற சைகை விழுந்ததும் மதர்போர்டு ரீசெட் ஆகும். பழைய யுபிஎஸ் இருந்தும் கணினி விழுகிறதென்றால், அதன் மாறும் நேரத்தையும் பேட்டரியையும் சந்தேகிக்கலாம்.

2000-களின் தொடக்கத்தில் இதே அறிகுறிக்குப் பெயர்போன குற்றவாளி கெபாசிட்டர். மதர்போர்டில் நின்ற சிறு அலுமினிய உருளைகளின் தட்டையான தலை குமிழாக உப்பி, மேலே கீறிய கோட்டின் வழியே பழுப்பு நிறப் பசை கசிந்து காய்ந்திருக்கும். டெல்லின் ஆப்டிபிளெக்ஸ் ஜிஎக்ஸ்270 போன்ற கணினிகள் இதற்கு இரையாகின. 2005-இல் பழுதுபார்ப்புச் செலவுக்காக டெல் 30 கோடி டாலர் ஒதுக்கியது. வெப்பம் 10 பாகை கூடினால் இவ்வகைக் கெபாசிட்டரின் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும் என்பது பொறியாளர்களின் கணக்கு. சின்னப் பெட்டி இதில் தானே தனக்குக் குழி வெட்டிக்கொள்கிறது. இன்றைய மதர்போர்டுகளில் திட பாலிமர் கெபாசிட்டர்கள் வந்துவிட்டதால் உப்பிய தலை அரிதாகிவிட்டது.

வெப்பம் விழச்செய்தால் தடம் வேறு மாதிரி. ப்ராசஸர் சூடேறினால் முதலில் வேகத்தைக் குறைக்கும். இன்டெல் ப்ராசஸர்கள் பலவற்றில் அது 100 பாகையை ஒட்டி நடக்கும். அதையும் தாண்டினால் உள்ளிருக்கும் காவல் அமைப்பு மின்சாரத்தையே துண்டிக்கும், கணினி பெரும்பாலும் அணைந்தபடியே கிடக்கும். எனவே விழுந்த உடனே எழும் கணினியில் தெர்மல் பேஸ்ட்டை முதல் குற்றவாளியாகப் பிடிப்பது அவசரம். ஹீட்சிங்கின் பற்களில் கம்பளி போல் படிந்த தூசியை எடுத்துவிடுவது எப்படியும் நல்லதுதான்.

எல்லாம் மாற்றியும் விழுகிறது, உள்ளே இன்டெலின் 13 அல்லது 14-ஆம் தலைமுறை ப்ராசஸர் என்றால் அதையே பார்க்க வேண்டும். வரம்பு மீறிய வோல்ட்டேஜால் சில சில்லுகள் நாளடைவில் பழுதாவதை 2024-இல் இன்டெல் ஒப்புக்கொண்டு, திருத்தத்தை பயாஸ் புதுப்பிப்பு வழியே அனுப்பியது. உத்தரவாதத்தையும் 2 ஆண்டு நீட்டித்தது. 65 வாட்டும் அதற்கு மேலும் உள்ள மேசைக் கணினிச் சில்லுகளே அந்தப் பட்டியலில் உண்டு. ஒரு லிட்டர் பெட்டிகளில் பெரும்பாலும் வரும் 35 வாட் ‘டி’ வகை அதில் இல்லை. பழுதாகிவிட்ட சில்லைப் புதுப்பிப்பு மீட்காது. மாற்றித்தான் ஆக வேண்டும்.