மேளத்தில் ஐந்தாமவர்

பிறர் சொல்வதற்கெல்லாம் தலையாட்டுபவனை "ஒத்து ஊதுகிறான்" என்று இழித்துரைப்பது தமிழில் அன்றாட வழக்கு. தனக்கென ஒரு சொல் இல்லாதவன் என்பது அதன் பொருள். அவ்வழக்கு பிறந்த இடம் கோயில் வாசலில் நின்ற நாகசுர மேளம். வழக்கு இன்றும் வாழ்கிறது. அதனை நமக்குத் தந்த கருவியும், அதை ஊதிய கலைஞரும் அவையைவிட்டு அகன்று அரை நூற்றாண்டுக்கும் மேலாயிற்று.

பெரிய மேளம் என்று பெயர் பெற்ற இக்குழுவின் அடிப்படை அமைப்பு ஐவரால் ஆனது. நாகசுரம் வாசிப்போர் இருவர், தவில் ஒருவர், தாளம் ஒருவர், ஐந்தாமவர் ஒத்துக்காரர். திருவிழாக் காலங்களிலும் பெருங்கோயில்களிலும் இவ்வெண்ணிக்கை கூடுவதுண்டு.

ஒத்து, தோற்றத்தில் நாகசுரத்தின் உடன்பிறப்பு. அதே கூம்பு வடிவம், அதே சீவாளி, அடியில் அதே அணசு. ஆயின் நாகசுரத்தில் விரல் வைத்து வாசிக்க ஏழு துளைகள் உண்டு. ஒத்தில் அத்தகைய துளை ஒன்றுமில்லை. கீழ்ப்பகுதியில் உள்ள சில துளைகளும் வாசிப்பதற்கு அல்ல; அவற்றை மெழுகால் அடைத்தும் திறந்தும் சுருதியைச் சரிசெய்து கொள்வர். அதிலிருந்து எழுவது ஆதார சட்ஜம் ஒன்றே.

அந்த ஒன்றை அறாமல் எழுப்புவதில்தான் வித்தை இருக்கிறது. கன்னங்களில் தேக்கிய காற்றைச் சீவாளிக்குள் செலுத்திக்கொண்டே, அதே கணத்தில் மூக்கால் புதுமூச்சை இழுத்துக்கொள்ள வேண்டும். சுவாமி புறப்பாட்டில் மல்லாரி தொடங்கி, நான்கு மாட வீதிகளிலும் இராக ஆலாபனை விரிந்து, மீண்டும் கோபுர வாசலை அடையும்வரை ஒத்து நிற்கலாகாது. நாகசுரக்காரர் ஒரு பிடியை முடித்து மூச்சு வாங்குவார், சீவாளியை மாற்றுவார், தவில்காரருக்கு இடம் விட்டு ஒதுங்குவார். ஒத்துக்காரருக்கு அந்த உரிமை கிடையாது. தம்புராவின் மெல்லொலி தெருவில் நான்கடி தாண்டாது. திறந்த வெளியில், வாண வேடிக்கைக்கும் மக்கள் இரைச்சலுக்கும் நடுவே, மேளத்துக்குச் சுருதி தர வல்லது ஒத்து ஒன்றே.

இசைக் குடும்பத்துச் சிறுவர்கள் பலர் தாளம் போட்டும் ஒத்து ஊதியும் தொழிலுக்குள் நுழைந்தனர். குருவின் அருகில் இரவெல்லாம் நின்ற அப்பிள்ளைகளுக்கு மூச்சுப் பழக்கமும் இராக ஞானமும் ஒருங்கே வாய்த்தன. விரல் எழுவதற்கு முன்னரே செவி விளைந்துவிடும். தோளில் முதிர்ந்த வயதுவரை ஒத்தைச் சுமந்து, அதனாலேயே பிழைத்தோரும் இருந்தனர். அவர்கள் பெயரை விளம்பரத் தாள்கள் அச்சிடவில்லை.

இவ்வமைப்பை மாற்றியவருள் தலையாயவர் திருவாவடுதுறை டி. என். இராஜரத்தினம் பிள்ளை (1898–1956). அவர் காலத்துக்கு முன் பெரிதும் வழங்கியது திமிரி நாகசுரம், குட்டையானது, நாலு, ஐந்து கட்டைச் சுருதியில் ஓங்கி ஒலிப்பது. நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் கைத்திறனோடு, இரண்டு, இரண்டரைக் கட்டையில் கனிந்து ஒலிக்கும் நீண்ட பாரி நாகசுரத்தை அவர் மேடைக்குக் கொணர்ந்தார். வீதியில் நின்று வாசித்த கலை சபா மேடையில் அமர்ந்து, ஒலிபெருக்கியின் முன் நுணுக்கம் காட்டத் தொடங்கிற்று. அம்மேடையில் பக்கத்திலிருந்து முழங்கும் ஒத்து இடைஞ்சலாகப் பட்டது. அதனை விலக்கிவிட்டு, வாய்ப்பாட்டுக்குரிய சுருதிக் கருவிகளை அவர் ஏற்றார். ஏனைய வித்துவான்களும் அவ்வழியே சென்றனர்.

இதற்காக இராஜரத்தினத்தைக் குறைகூறுவது நியாயமன்று. வாய்ப்பாட்டு வித்துவானுக்குரிய மதிப்பும் இருக்கையும் நாகசுரக்காரருக்கு மறுக்கப்பட்ட காலம் அது. அவற்றுக்காக அவர் இறுதிவரை வாதாடினார். வாய்ப்பாட்டுக் கச்சேரியின் சுருதி முறையை ஏற்றதும் அவ்வுரிமைப் போரின் ஒரு கூறே. எனினும் ஒருவர் சமமாக அமர்ந்தபோது மற்றொருவர் எழுந்து போக நேர்ந்தது என்பதையும் வரலாறு பதிந்தாக வேண்டும். ஒத்துக்காரரின் இடம் காலியான அதே மேளத்தில் தவில் இரண்டாகி, "ஸ்பெஷல் தவில்" என்று கொட்டை எழுத்தில் விளம்பரமும் பெற்றது. ஆகவே செலவைக் குறைக்க ஆளைக் குறைத்தார்கள் என்ற விளக்கம் முழுதும் பொருந்தாது. ஒற்றைச் சுரம் ஊதுபவரும் ஒரு கலைஞரே என்ற எண்ணம் சபையாருக்கு இல்லாமற் போனதே பெருங்காரணம் எனலாம்.

வடநாட்டில் நிலைமை சற்று வேறு. ஷெனாய் மேதை பிஸ்மில்லா கான் (1916–2006) உலக மேடைகளை அடைந்த பின்னரும், சுருதிக்கென்றே ஷெனாய் ஊதுவோர் அவர் அருகில் அமர்ந்திருந்தனர். மேடை ஏறினால் ஒத்தை விட்டே தீரவேண்டும் என்ற விதி எங்கும் இல்லை.

சொற்களைக் கையாளும் கவிஞர்கள் இங்கே கவனிக்கத்தக்க செய்தி ஒன்றுண்டு. ஒத்து வசைச்சொல் ஆனதுபோலவே, தாளக்கருவியாகிய ஜால்ராவும் முகத்துதிக்குப் பெயராயிற்று. சுருதியையும் தாளத்தையும் மாதா என்றும் பிதா என்றும் போற்றும் மரபே, அவ்விரண்டையும் தாங்கி நின்றவர்களின் பணியை ஏச்சாக்கியிருக்கிறது. வழிநடத்துபவனை மட்டுமே நாயகனாகக் காணும் கண்ணின் குறை அது, ஒத்தின் குறையன்று.

தமிழ்நாட்டு அரசு இசைப்பள்ளிகளில் நாகசுரமும் தவிலும் தனிப் பாடங்கள். ஒத்துக்கு வகுப்பு இல்லை. நரசிங்கம்பேட்டை நாகசுரம் 2022-இல் புவிசார் குறியீடு பெற்றது. மேடையில் சுருதி தருவது இப்போது மின் பெட்டி. இதற்கிடையே, கோயில்கள் பலவற்றில் தீபாராதனை வேளையில் முரசையும் மணியையும் தானே அடிக்கும் மின்பொறி ஒன்று சுவரோரம் நிற்கிறது. விசையைத் தட்டுவதற்கு அர்ச்சகர் ஒருவரே போதும். அங்கே ஒத்துக்காரரைப் போலவே மற்ற நால்வருக்கும் வேலை இல்லை.