ஊரை மறைத்த மாவீரர்

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். பொறுமையாகப் படியுங்கள்.

தாராசிங் – கிங்காங் குஸ்தியைப் பற்றி வீட்டுப் பெரியவர்கள் பேசக் கேட்டிருப்பீர்கள். அந்தக் கிங்காங்கை 1955-ஆம் ஆண்டு டோக்கியோவில் வீழ்த்தி ஆசியப் பட்டம் வென்றவர் ரிக்கிடோசான். ஜப்பானியத் தொழில்முறை மல்யுத்தத்தின் தந்தை என்று இவரைத்தான் சொல்வார்கள். ஆனால் அவர் பிறந்தது ஜப்பானில் இல்லை.

1924-இல் கொரியாவில், இன்றைய வட கொரியப் பகுதியில் பிறந்தவர். பெற்றோர் வைத்த பெயர் கிம் சின் ராக். கொரியா 1910 முதல் 1945 வரை ஜப்பானின் ஆட்சியில் இருந்தது என்பதை நினைவில் வையுங்கள். கொரியர்கள் அங்கே இரண்டாந்தரக் குடிகள். வாட்டசாட்டமான இந்த இளைஞரைச் சுமோ மல்யுத்தத்துக்காக ஜப்பானுக்கு அழைத்துப் போனார்கள். 1940-இல் களமிறங்கினார். ரிக்கிடோசான் என்பது சுமோ களத்தில் சூட்டிய பெயர். உச்சப் பட்டமான யோக்கோசுனாவுக்கு இரண்டு படி கீழே உள்ள செக்கிவாகே தகுதி வரை உயர்ந்தார். 1950-இல் திடீரென்று தன் குடுமியைத் தானே அறுத்துக்கொண்டு சுமோவை விட்டு வெளியேறினார்.

அதன்பின் ஆவணங்களில் அவர் பெயர் மொமொத்தா மிட்சுஹிரோ. சொந்த ஊர் நாகசாகி மாவட்டத்து ஓமுரா. ரசிகர்களுக்குச் சொல்லப்பட்ட வரலாறும் அதுதான்.

1951-இல் அமெரிக்க மல்யுத்த வீரர்கள் ஜப்பானுக்கு வந்தபோது அவர்களிடம் இந்தப் புதிய ஆட்டத்தைக் கற்றார். அடுத்த ஆண்டு ஹவாய் சென்று முறையாகப் பயிற்சி எடுத்தார். 1953-இல் திரும்பி வந்து ஜப்பான் மல்யுத்தச் சங்கத்தைத் தொடங்கினார். தொலைக்காட்சி ஒளிபரப்பு ஜப்பானில் ஆரம்பித்ததும் அதே ஆண்டில்தான். இரண்டும் ஒன்றையொன்று வளர்த்தன.

1954 பிப்ரவரி 19. டோக்கியோவின் குராமே அரங்கில் ரிக்கிடோசானும் ஜூடோ மேதை கிமுரா மசாஹிக்கோவும் ஒரு ஜோடி. எதிரே ஆறடிக்கு மேல் உயரமான ஷார்ப் சகோதரர்கள். அன்று வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டி வைத்திருந்தவர்கள் மிகச் சிலர். அதனால் நிப்பான் தொலைக்காட்சி நிறுவனம் ரயில் நிலைய வாசல்களிலும் பூங்காக்களிலும் பெட்டிகளை வைத்திருந்தது. அவற்றின் முன்னே ஆயிரக்கணக்கில் ஜனங்கள் கூடினார்கள். போரில் தோற்று, அணுகுண்டு வாங்கி, அமெரிக்கப் படை ஆட்சியின் கீழ் ஏறக்குறைய ஏழு ஆண்டுகள் கிடந்த நாடு அது. அந்த ஆட்சி முடிந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. வெள்ளைக்காரர்களின் மார்பில் ரிக்கிடோசான் பக்கவாட்டுக் கையால் ஓங்கி வெட்டிய ஒவ்வொரு வெட்டுக்கும் தெருவே ஆர்ப்பரித்தது.

இந்த வகை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பது பெரும்பாலும் முன்கூட்டியே பேசி முடிவு செய்யப்படும். ஆனால் விழும் அடியும் வலியும் நிஜம். அந்த ஜனங்களின் கண்ணீரும் நிஜம். இதில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. அமெரிக்கர்கள் என்று நினைத்து ஜப்பானியர்கள் சபித்த ஷார்ப் சகோதரர்கள் கனடாக்காரர்கள். ஜப்பானின் மானத்தைக் காத்தவர் என்று கொண்டாடப்பட்டவரோ கொரியர்!

அவரை உத்தமர் என்று நான் சொல்ல வரவில்லை. அதே ஆண்டு டிசம்பரில், தன்னோடு ஜோடி சேர்ந்து ஆடிய கிமுராவையே எதிர்த்து மோதினார். சமநிலையில் முடிப்பதாகத்தான் பேச்சு, அதை மீறி நிஜமாகவே அடித்து வீழ்த்திவிட்டார் என்று கிமுரா பின்னாளில் குற்றம் சாட்டினார். முன்கோபக்காரர், குடித்தால் கைநீட்டுவார் என்றும் பெயர் உண்டு.

புகழ் மட்டும் ஏறிக்கொண்டே போனது. 1957-இல் உலகச் சாம்பியன் லூ தெஸ்ஸோடு ஒரு மணி நேரம் மோதிச் சமன் செய்தார். அடுத்த ஆண்டு அவரையே வென்றார். 1963 மே மாதம் முகமூடி வீரர் டெஸ்ட்ராயருடன் நடந்த போட்டியின் தொலைக்காட்சிப் பார்வையாளர் அளவு 64 சதவீதம்.

அதே ஆண்டு ஜனவரியில் தென் கொரியாவுக்குச் சென்று வந்திருந்தார். அவர் பிறந்த ஊரோ எல்லைக்கு அப்பால், வடக்கே. அங்கே போக வழியில்லை. டிசம்பர் 8-ஆம் தேதி இரவு, டோக்கியோ கேளிக்கை விடுதி ஒன்றில் யாக்குசா கும்பலைச் சேர்ந்த ஒருவனோடு வாய்த்தகராறு. வயிற்றில் கத்திக்குத்து. அறுவை சிகிச்சை நடந்தும் வயிற்று உட்சவ்வில் ஏற்பட்ட அழற்சியால் டிசம்பர் 15 அன்று இறந்தார். வயது 39. இறக்கும்வரை ரசிகர்களுக்கு அவர் ஓமுரா ஊர்க்காரர்தான். உண்மை பரவலாக வெளியே வரப் பல ஆண்டுகள் ஆயின.

1960-இல் ஒரே நாளில் அவர் களமிறக்கிய இரு சீடர்கள் ஜயன்ட் பாபாவும் அன்டோனியோ இனோக்கியும். அடுத்த தலைமுறை ஜப்பானிய மல்யுத்தமே அந்த இருவர் கையில்தான் இருந்தது. 1976-இல் முகமது அலியோடு மோதியவர் இந்த இனோக்கிதான். நாடாளுமன்ற உறுப்பினராகவும் ஆன அவர், 1995-இல் வட கொரியத் தலைநகர் பியோங்யாங்கில் இரண்டு நாள் மல்யுத்த விழா நடத்தினார். குருநாதர் போக முடியாத அந்த மண்ணுக்குச் சீடர் போய் ஆடினார். இன்று ரிக்கிடோசானை ஜப்பானும் கொண்டாடுகிறது, இரண்டு கொரியாக்களும் எங்கள் பிள்ளை என்கின்றன.

நாடே தலையில் தூக்கி வைத்து ஆடிய மனிதனுக்கு, "நான் இன்ன ஊரில் பிறந்தவன், என் அப்பா இன்னார்" என்று வாய்விட்டுச் சொல்ல முடியவில்லை. சொல்லியிருந்தால் அந்தக் கைதட்டல் கிடைத்திருக்குமா? அவரும் அதை எண்ணித்தானே மறைத்திருக்க வேண்டும்? வகுப்பில் ஊர்ப்பெயரையும் அப்பாவின் தொழிலையும் கேட்டால் தலையைக் குனிந்துகொண்டு முணுமுணுக்கும் பிள்ளைகளை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவர்கள் மேல் என்ன தப்பு? கேட்டுவிட்டுச் சிரிக்கிறவர்களால் வந்த குனிவு அது.

உங்களில் பலர் இன்று ஆசிரியர்களாக, அதிகாரிகளாக, பெற்றோராக இருக்கிறீர்கள். உங்கள் முன்னால் நிற்கிற ஒரு பிள்ளை தன் ஊரைத் தயங்காமல் சொல்லும்படி நடந்துகொள்ளுங்கள். இந்த வாத்தியார் கேட்பது அவ்வளவுதான்.

அன்புடன்,
உங்கள் ஆசிரியர்