கொம்பு முன்னாடியா, பின்னாடியா சார்?

 

1988. ஏழாம் வகுப்பு. நாகல்நகர் பக்கம் பூட்டுப் பட்டறைத் தொழிலாளி ஒருவரின் மகன். பிரித்துப் போட்ட பூட்டை நொடியில் மாட்டிவிடுவான். குறளைக் காதால் கேட்டே ஒப்பிப்பான். எழுதச் சொன்னால் மட்டும் 'கொடி' 'காடி' ஆகிவிடும். "கொம்பு முன்னாடியா, பின்னாடியா சார்?" என்று தினமும் கேட்பான். திமிர் என்று நினைத்துப் பிரம்பை எடுத்தேன். எட்டாவதோடு நின்றுவிட்டான்.

அது திமிர் இல்லை, டிஸ்லெக்சியா என்று பிறகு படித்துத்தான் தெரிந்துகொண்டேன். 1896-லேயே பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கிலேய மருத்துவர் 14 வயதுப் பையன் ஒருவனைப் பற்றி எழுதியிருக்கிறார். புத்திசாலி, ஆனால் எழுத்து வரவில்லை. பாடமெல்லாம் வாய்வழியாக நடந்தால் இவன்தான் பள்ளியிலேயே கெட்டிக்காரன் என்றாராம் அவனுடைய ஆசிரியர். அந்த மனுஷனுக்கு இருந்த கண் எனக்கு இல்லை. சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்சியா அசோசியேஷன் 1990-களின் தொடக்கத்தில்தான் வந்தது. 1995 மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் கற்றல் குறைபாடு கிடையாது. 2016 சட்டம்தான் 21 வகைகளில் ஒன்றாக அதைச் சேர்த்தது.

அவன் கேட்ட கேள்வி நியாயமானது. 'கெ' என்று சொல்லும்போது முதலில் வருவது க் ஒலி. எழுதும்போதோ கொம்பு முந்திக்கொள்கிறது. 'கொ'வுக்கு இரண்டு பக்கமும் காவல். பழைய தட்டச்சு இயந்திரத்திலும் கொம்பைத்தான் முதலில் அடிக்க வேண்டும். 1978 எழுத்துச் சீர்திருத்தம் ணை, லை, னை போன்றவற்றை எளிதாக்கியது, கொம்பைத் தொடவில்லை. 1999-ல் சென்னையில் நடந்த தமிழ்இணையம் மாநாட்டை ஒட்டி வந்த தமிழ்99 விசைப்பலகையில் 'க' அடித்து 'எ' அடித்தால் போதும், கொம்பை அதன் இடத்தில் கணினியே வைத்துவிடும். காது கேட்கும் வரிசையில் கை போகிறது. இந்தப் பிள்ளைகளுக்காகச் செய்ததில்லைதான், ஆனாலும் இவர்களுக்கு எவ்வளவு பெரிய உதவி!

2011-ல் அரசு மடிக்கணினி கொடுத்தது, பிளஸ் டூ வரை வந்தவர்களுக்கு. எட்டாவதில் நின்றவனுக்கு ஏது? அவனுக்கு வழி திறந்தது கைப்பேசி. 2017 ஆகஸ்டில் கூகுள் தமிழில் பேசினால் எழுதும் வசதியைக் கொண்டுவந்தது. எழுதியதை வாசித்துக் காட்டும் வசதியும் இன்று கையிலேயே இருக்கிறது.

இதை இவ்வளவு விவரமாகத் தேடிப் படிக்க அவனே காரணம். இப்போது ஒட்டன்சத்திரத்தில் காய்கறிக் கமிஷன் கடை வைத்திருக்கிறான். போன மாதம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி: "சார் நல்லா இருக்கீங்களா, என் பேரன் நாலாவது படிக்கிறான், அவனுக்கும் கொம்பு வரலை." ஒரு பிழை இல்லை. போன் பண்ணிக் கேட்டேன். "நான் எங்க சார் எழுதினேன், பேசினேன், அது எழுதிக்கிச்சு" என்றான்.

பையனை வீட்டில் அடிக்கிறார்களாம். வட்டார வள மையத்தில் சிறப்பாசிரியர்கள் இருக்கிறார்கள், முதலில் அங்கே காட்டலாம் என்றேன். சான்று கிடைத்தால் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுத ஆள் என்று சலுகைகள் உண்டு என்பதையும் சொன்னேன். உங்கள் வீட்டிலோ தெருவிலோ இப்படி ஒரு பிள்ளை இருந்தால் எனக்குப் போன் பண்ணுங்கள், நேரம் காலம் பார்க்க வேண்டாம்.

திங்கட்கிழமை அவர்களோடு நானும் போகிறேன். பிரம்பைப் பற்றி அவனிடம் இன்னும் பேசவில்லை.