பேரைக் கேளுங்க

ஓரிக்கையிலிருந்து பாலாற்றைத் தாண்டித் தெற்கே போனால் உத்திரமேரூர். கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டு. கி.பி. 919, 921. சனநாயகத்தின் தொட்டில் என்று பெருமை பேசுகிறார்கள். கல் என்ன சொல்லுது? நிலம், சொந்த மனை, வேதக் கல்வி உள்ளவன் பேரைத்தான் குடத்தில் போடலாம். சேரிக்கு அதில் பேர் இல்லை.

எங்க ஆயாவுக்கு எழுதத் தெரியாது. ஆனா சாவு வீட்டுல உக்காந்து ஒப்பாரி வச்சா, எவன் கூலியக் கொறைச்சான், எவ எத்தனை பிள்ளைய மண்ணுக்குக் குடுத்தா, எல்லாம் வரிசையா வரும். அதுதான் எங்க கல்வெட்டு. காலேஜ் படிக்கும்போது அந்தப் பாட்டுகளை ஒரு நோட்டில் எழுதினேன். கீழே என்ன போட்டேன் தெரியுமா? ‘நாட்டார் பாடல். ஆசிரியர் இல்லை.’

அந்த வரி என்னை உறுத்தியது, வெகுகாலம் கழித்து ஓர் ஆங்கில ஆல்பத்தைக் கேட்டபோது. 1995இல் வந்த ‘மேக்சின்குவே’. பிரிஸ்டல் நகரத்துக் கறுப்புக் கலைஞர் ட்ரிக்கியின் முதல் ஆல்பம். ட்ரிப் ஹாப் என்கிற இசை அது. ஹிப் ஹாப் தாளத்தை மெதுவாக்கி, ஜமைக்காவிலிருந்து குடியேறியவர்கள் கொண்டுவந்த கனத்த அடிநாதத்தைச் சேர்த்துச் செய்தது. பிரிஸ்டல், அடிமை வியாபாரத்தில் கொழுத்த துறைமுகம். அடிமை வியாபாரி கோல்ஸ்டனுக்கு 1895இல் வைத்த சிலை 2020 வரை நின்றது. மக்கள்தான் இழுத்துப்போய்த் தண்ணியில தள்ளினார்கள்.

ட்ரிக்கியின் தாய்க்கு அங்கே சிலை கிடையாது. மகனுக்கு நாலு வயசில் தற்கொலை செய்துகொண்டார். பேர் மேக்சின் குவே. மகன் அந்தப் பேரையே ஆல்பத்துக்கு வைத்தார். தாய் கவிதை எழுதியவர், அவருக்கு வாய்ப்புக் கிடைக்கவில்லை என்று சொல்லியிருக்கிறார். பல பாட்டுகளை மார்டினா என்ற இளம்பெண்ணின் குரலில் தந்தார்.

நம்ம பக்கம் அரக்கோணத்து அறிவு. 2019இல் ‘தெருக்குரல்’ முதல் ஆல்பம். 2021இல் உலகமெல்லாம் போன ‘எஞ்சாய் எஞ்சாமி’, இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் உழைத்துத் திரும்பிய பாட்டி வள்ளியம்மாளின் கதையிலிருந்து வந்தது. அதே ஆண்டு ஓர் இசை இதழின் அட்டையில் பாட்டை எழுதியவர் முகம் விடுபட்டது. பா. ரஞ்சித் வெளிப்படையாகக் கேள்வி கேட்டார். 2024இல் அறிவின் தனி ஆல்பம் வந்தது. பேர் ‘வள்ளியம்மா பேராண்டி’. விடுபட்டவர் தன் பேருக்கு முன்னால் பாட்டி பேரை நிறுத்தினார். இது வெறும் பாசம் இல்லை, வரலாறு எழுதுகிற வேலை.

நானும் நோட்டை எடுத்தேன். அந்த வரியை அடிச்சிட்டு ஆயா பேரை எழுத உக்காந்தேன். குடும்ப அட்டையில் ஒரு பேரு, வாக்காளர் பட்டியலில் வேறொரு பேரு. எது சரின்னு சொல்ல இப்ப ஆளில்ல. ஊரே ஆயான்னுதான் கூப்பிட்டுச்சு. ‘ஆசிரியர் இல்லை’ன்னு எழுதினது கோயில் சுவர் இல்ல, நான்.

தோழர்களே, இன்னிக்கு எல்லார் கையிலயும் போன் இருக்கு. ஒப்பாரி சொல்ற கிழவிங்க இன்னும் இருக்காங்க. போய்ப் பதிவு பண்ணுங்க. பாட்டக் கேக்கறதுக்கு முன்னால, பேரைக் கேளுங்க.