உண்ணிச்செடியும் நொச்சியும்: ஒரு வேலிக் கதை

எங்கள் வீட்டுக்குப் பின்னால் இருந்த காலி மனையில் போன வருஷம் மூணு மாடி எழும்பிவிட்டது. அந்த பால்கனியில் நின்றால் எங்கள் துணி துவைக்கிற கல் வரைக்கும் தெரியும். அம்மா அங்கே உட்காருவதையே விட்டுவிட்டாள். பின்பக்கம் கம்பி வேலிதான். சுவர் வைத்தால் காற்று போய்விடும். செடிதான் வழி என்று நர்சரிக்குப் போனோம். என் ரெக்வயர்மென்ட் மூன்றே வரி: சீக்கிரம் வளரணும், பூக்கணும், ஆடு கடிக்கக் கூடாது.

நர்சரிக்காரர் மஞ்சளும் ஆரஞ்சுமாகப் பூத்திருந்த ஒரு தொட்டியை எடுத்து வைத்தார். "லாந்தனா சார், சீக்கிரமே அடர்ந்துடும்." அம்மா ஒரு இலையைக் கசக்கி முகர்ந்தாள். "இது உண்ணிச்செடி இல்ல? இதைப் போய் யாராவது காசு குடுத்து வாங்குவாங்களா?"

வாங்கினார்கள். அதுதான் வரலாறு.

உண்ணிச்செடியின் பூர்வீகம் அமெரிக்காவின் வெப்பமண்டலப் பகுதிகள். 17ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவுக்குப் போனது. அங்கே தோட்டக்காரர்கள் வெவ்வேறு வகைகளைக் கலந்து, நிறம் நிறமாகப் பூக்கும் செடிகளை உருவாக்கினார்கள். அப்படிக் கலந்த வாரிசுகள்தான் உலகம் முழுக்கப் பரவின. இந்தியாவுக்கு வந்தது 1809 வாக்கில், கல்கத்தா தாவரவியல் பூங்காவுக்கு. அழகுக்கும் வேலிக்கும் என்றுதான் கொண்டுவந்தார்கள். என்னுடைய அதே மூன்று வரிதான் அவர்களுக்கும் இருந்திருக்கும் போல.

சிக்கலே அங்குதான். வெட்டினால் அடிக்கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும்; வேலிக்கு நல்ல குணம். இலையில் இருக்கும் நஞ்சு மாட்டின் ஈரலைக் கெடுக்கும், அதனால் மாடு ஒதுங்கிப் போகும். அதுவும் நல்ல குணம். வருஷத்தில் பாதிக்கு மேல் பூ, பூவுக்குப் பின்னால் கொத்துக் கொத்தாகக் கருநீலப் பழம். கொண்டைக்குருவியும் மைனாவும் அதைத் தின்று விதையைக் காட்டுக்குள் கொண்டுபோய்ப் போட்டன. வேலிக்கு எதெல்லாம் தகுதியோ அதெல்லாம் காட்டுக்கு வினையாகிவிட்டது.

பிறகு விரட்டும் படலம். 1921இல் ஹவாயிலிருந்து ஒரு ஈ, 1941இல் ஆஸ்திரேலியாவிலிருந்து ஒரு பூச்சி என்று இறக்குமதி செய்து பார்த்தார்கள். செடி அசையவில்லை. 2022இல் தமிழ்நாடு அரசு அந்நியத் தாவரங்களை அகற்றத் தனிக் கொள்கையே வெளியிட்டது. கூடலூர் பக்கத்துப் பழங்குடி மக்கள் இதன் தண்டுகளை வளைத்து ஆள் உயரத்துக்கும் மேலான யானைகள் செய்கிறார்கள். அவை லண்டன் பூங்காக்கள் வரை போய் நின்றன.

சரி, எங்கள் வேலி? கிளுவை எங்கள் பக்கத்துப் பழைய வேலிதான், ஆனால் கோடையில் இலை கொட்டிவிடும். செம்பருத்தியை ஆடு விடாது; மாவுப்பூச்சி வேறு. அம்மா சொன்னது நொச்சி. குச்சி வெட்டி நட்டாலே வரும். கசப்பு வாடைக்கு ஆடு கிட்ட வராது. இளநீலத்தில் பூக்கும். புறப்பொருள் வெண்பாமாலையில் கோட்டையை முற்றுகையிடுபவன் சூடுவது உழிஞை, உள்ளிருந்து காப்பவன் சூடுவது நொச்சி. இத்தனை வருஷம் அதை ஜலதோஷத்துக்கு ஆவி பிடிக்கிற இலையாக மட்டுமே நினைத்திருந்தேன்.

ஐப்பசி மழைக்கு முன்னால் நாற்பது குச்சி நட்டோம். ஆறு பட்டுப்போனது. மீதி இடுப்பளவு வந்திருக்கிறது. பால்கனி இன்னும் தெரிகிறது. அதுவரைக்கும் கம்பி வேலியில் அம்மாவின் பழைய சேலை ஒன்றைக் கட்டி வைத்திருக்கிறோம்.